இணையவழித் தொலைபேசியும் வணிகத் தொடர்பாடலும்

கொழும்பு மாநகரின் வட எல்லையிலே, களனி கங்கை கடலோடு கலக்குமிடத்தை அடுத்து அமைந்திருப்பது மட்டக்குளி. அதன் தெற்கே முகத்துவாரமும், அதற்கப்பால் கொட்டாஞ்சேனையும் துறைமுகமும் உள்ளன. வடக்கே ஆற்றைக் கடந்தால் ஹெந்தளையும் வத்தளையும். துறைமுகத்துக்கு அணித்தாயிருத்தலின், கொள்கலன் முற்றங்களும் பண்டகசாலைகளும் வாகனத் திருத்தகங்களும் சிறு தொழிற்சாலைகளும் குடியிருப்புகளுக்கிடையே கலந்து கிடக்கும் பகுதி இது. இத்தகைய இடத்திலே வணிகம் என்பது பாதி பொருள், பாதி பேச்சு.

துறைமுகத்திலிருந்து ஒரு கொள்கலனை வெளியே கொணரும் முகவர் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பொருளுக்குரியவர் புறக்கோட்டையிலே கடை வைத்திருப்பவர். கப்பல் நிறுவனத்தின் அலுவலகம் கோட்டையில். சுங்கத்திலே பத்திரங்களோடு நிற்பவர் நிலையத்தின் லிகிதர். லொறிச் சாரதியோ வீதியில். இந்நால்வரும் ஒரே முற்பகலில் ஒருவரோடொருவர் பேசியாக வேண்டும். ஓர் அழைப்புத் தவறினால் இலவச நாள்கள் கழிந்து, தாமதக் கட்டணம் நாட்கணக்கில் ஏறத்தொடங்கும். அக்கட்டணத்தைப் பொருளுக்குரியவர் முகவர் தலையிற் சுமத்துவார். முகவர் லிகிதர் தலையிற் சுமத்துவார். ஆதலின் தொலைபேசி என்பது இவ்விடத்து வணிகனுக்கு அலங்காரப் பொருளன்று. தராசு எப்படியோ அப்படி ஒரு தொழிற்கருவி.

இக்கருவியிலே அண்மைக் காலத்தில் இரு மாற்றங்கள் ஏறத்தாழ ஒருங்கே வந்து சேர்ந்தன. ஒன்று, குரலானது தனக்கெனப் போடப்பட்ட செப்புக் கம்பியை விடுத்து இணையத்தின் வழியே செல்லுதல். இதனை இணையவழித் தொலைபேசி என்பர். மற்றையது, குரலழைப்பு, குறுஞ்செய்தி, மின்னஞ்சல், காணொளிக் கூட்டம், ஆவணப் பரிமாற்றம் ஆகியவற்றை ஒரே முகவரியின் கீழும் ஒரே பெயர்ப்பட்டியலின் கீழும் கொணர்ந்து நடத்துதல். இது ஒருங்கிணைந்த தொடர்பாடல் எனப்படும். இரண்டும் ஒன்றென மயங்குவோர் பலர். முன்னையது பாதை, பின்னையது அப்பாதையால் வருவோரை வரவேற்று உரியவரிடம் அனுப்பும் வீட்டு நிர்வாகம். பாதையை மாற்றி நிர்வாகத்தைப் பழையபடியே விட்டவரும் உளர். அவர்கள் அடைந்த பயன் சிறிதே.

இம்மாற்றத்தைப் போற்றுவோர் பெரிதும் எடுத்துரைப்பது செலவுக் குறைவையே. அது மெய்; ஆயின் முதன்மையானதன்று. கருதத்தக்க வினாக்கள் வேறு இரண்டு. வாடிக்கையாளர் அழைக்கும் இலக்கம் நிறுவனத்துக்குரியதா, அங்கு ஊழியஞ் செய்யும் ஒருவருக்குரியதா என்பது முதலாவது. அவ்விலக்கம் ஒலிப்பதற்கு வேண்டிய மின்சாரம் எங்கிருந்து வருகின்றது என்பது இரண்டாவது.

தூதனுப்புதலின் அருமையைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். திருக்குறளின் 69ஆம் அதிகாரம் தூது என்றே பெயர் பெற்றது. தூதுப் பிரபந்தங்களுக்கு உரியனவாக அன்னம், மயில், கிளி முதலிய பத்தினை இலக்கண நூலார் வகுத்துரைப்பர். அப்பத்தினுள் புறா இடம்பெறவில்லை என்பது நகைச்சுவைக்குரிய செய்தி. ஏனெனில் இலங்கையின் வணிகச் செய்தித் தொடர்பு புறாவிலிருந்தே தொடங்கிற்று எனலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியத் தபாற் கப்பல்கள் காலித் துறைமுகத்திலேயே தரித்தன. அவை கொணர்ந்த செய்திகளைக் கொழும்பு வணிகருக்குப் பிறரினும் முந்திக் கொடுக்க விரும்பிய 'சிலோன் ஒப்சர்வர்' பத்திரிகை, 1850இலிருந்து காலிக்கும் கொழும்புக்குமிடையே புறாக்களைப் பறக்கவிட்டது. 1858இல் அவ்விரு நகரங்களுக்குமிடையே தந்திக் கம்பி திறக்கப்பட்டதும் புறாக்களுக்கு வேலை இல்லாது போயிற்று. கோப்பி விலையை ஒருநாள் முந்தி அறிந்தவன் அடைந்த இலாபமே புறாவுக்கும் தந்திக்கும் பணம் கொடுத்தது.

செய்தியின் வேகத்தைப் போலவே, அது யாருடைய கையைக் கடந்து வருகின்றது என்பதும் வணிகனை என்றும் உறுத்திய கவலையாகும். அமெரிக்காவின் கன்சாஸ் நகரிலே இறந்தோரை அடக்கஞ் செய்யும் தொழில் நடத்தியவர் அல்மன் ஸ்ட்ரௌஜர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்பகத்துப் பணியாளர் போட்டியாளரிடம் திருப்பிவிடுகின்றனர் என அவர் ஐயுற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்த ஐயம் அவரைப் புதுப்பொறி ஒன்றை ஆக்கத் தூண்டியது. மனிதர் கையிடாமலே அழைப்பைச் சேர்க்கும் அப்பொறிக்கு 1891இல் காப்புரிமை கிடைத்தது. 1892இல் இந்தியானா மாநிலத்து லாபோர்ட் நகரில் அம்முறை இணைப்பகம் திறக்கப்பட்டது. உலகெங்கும் பரவிய தன்னியக்கத் தொலைபேசியின் மூலம், பாடையும் பெட்டியும் விற்ற ஒருவரின் வயிற்றெரிச்சல் என்றால் அது மிகையாகாது.

கொழும்புத் தமிழருக்கு இவ்வரலாற்றிலே தனியொரு பகுதி உண்டு. 1990இன் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தொலைபேசித் தொடர்பு பல ஆண்டுகள் அற்றுக் கிடந்த காலத்தில், வெளிநாட்டிலுள்ள மகனோடோ மகளோடோ பேசுவதற்கென்றே வடக்கிலிருந்து வந்தோர் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் விடுதிகளில் தங்கினர். அவர்கள் நாடிச்சென்றவை 'கொமினிகேஷன்' என மக்கள் வழங்கிய சிறு கடைகள். கண்ணாடிக் கூண்டினுள் ஒரு தொலைபேசி, வெளியே நிமிடத்தை எண்ணும் கருவி, பக்கத்திலே தொலைநகலும் நிழற்பிரதி இயந்திரமும். தொடர்பாடல் வகை யாவும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தமையால், ஒருங்கிணைந்த தொடர்பாடல் என்னும் பெயர் பிறக்குமுன்னரே அக்கடைகள் அதனை நடத்தின என்று சொல்லினும் பொருந்தும். வெளிநாட்டு அழைப்பிலே சிறீலங்கா ரெலிகொம் கொண்டிருந்த தனியுரிமை 2002 ஓகஸ்டில் முடிவுற்று, 2003இல் வேறு பல நிறுவனங்களுக்கும் நுழைவாயில் உரிமங்கள் வழங்கப்பட்டபோது கட்டணம் பெரிதும் வீழ்ந்தது. பின்னர் ஒவ்வொருவர் கையிலும் இணையத்தோடு கூடிய கைத்தொலைபேசி வந்து சேர, கூண்டுகள் வெறுமையாயின. அக்கடைகளுட் பல இன்று நிழற்பிரதி எடுத்தும் கைத்தொலைபேசிக்குப் பணம் நிரப்பியும் பிழைக்கின்றன.

இனி, குரல் இணையத்தின் வழியே செல்லுமாற்றைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். பேசுவோன் வாயிலிருந்து எழும் ஒலியலையைக் கருவி செக்கனுக்கு 8,000 தடவை அளக்கின்றது. ஒவ்வோரளவும் 8 பிட் கொண்ட ஓர் எண்ணாகக் குறிக்கப்படும். ஆகவே ஒரு செக்கன் பேச்சு 64,000 பிட் ஆகும். இவ்வெண்களை 20 மில்லிசெக்கனுக்கு ஒன்றாகச் சிறு பொதிகளாய்க் கட்டினால், செக்கனுக்கு 50 பொதிகள். ஒவ்வொரு பொதியிலும் 160 பைட் குரல். பொதியின்மேல் அனுப்புவோர், பெறுவோர் முகவரிகளும் வரிசை எண்ணும் நேரக்குறிப்பும் அடங்கிய 40 பைட் தலைப்பு ஒட்டப்படும். கூட்டிப்பார்ப்பின் ஒரு திசைக்குச் செக்கனுக்கு 80,000 பிட் தேவைப்படும். ஒரே வேளையில் பத்துப் பேர் பேசினாலும் 8 இலட்சம் பிட் மட்டுமே. ஒளியிழை இணைப்பு வாங்கிய எந்த அலுவலகத்துக்கும் இது அற்பமான சுமை.

அங்ஙனமாயின் சிலவேளைகளிற் குரல் விட்டு விட்டுக் கேட்பதேன்? தூரம் காரணமன்று. ஒளியிழையினுள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்வழியாயின் ஏறத்தாழ 14 மில்லிசெக்கனே. ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்கு உட்பட்டிருப்பின் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. உண்மைக் காரணம் பெரும்பாலும் அலுவலகத்தின் வாயிலிலேயே உள்ளது. ஒருவர் பெரிய படக்கோப்பொன்றை மேலேற்றும்போது குரற்பொதிகள் அதன் பின்னே வரிசையில் நிற்க நேரிடும். லொறிக்குப் பின்னே அகப்பட்ட சைக்கிள் போல அவை தாமதித்துச் சேரும். சில சேராமலே போகும். பெறும் கருவி சற்றே பொறுத்திருந்து பொதிகளை ஒழுங்குபடுத்தும். மிகப் பிந்தியவற்றை எறிந்துவிடும். எறியப்பட்ட இடமே காதில் வெட்டாகக் கேட்பது. குரற்பொதிக்கு முதலிடம் கொடுக்குமாறு ரவுட்டரில் ஒழுங்கு செய்தால் இக்குறை பெரும்பாலும் தீரும். இதனைச் செய்யாமல் இணையத் தொலைபேசியே தரங்குறைந்தது எனப் பழிப்பது நியாயமன்று.

பொதிகளினும் முக்கியமானது பெயர்ப்பதிவு என்னும் நிகழ்ச்சி. பழைய முறையிலே ஓர் இலக்கம் என்பது இணைப்பகத்திலிருந்து ஒரு கட்டடத்துக்கு வந்த ஒரு சோடிக் கம்பியின் பெயர். கம்பி எங்கு முடிகின்றதோ அங்குதான் மணி ஒலிக்கும். புதிய முறையிலோ ஒவ்வொரு கருவியும், மேசைமேல் இருப்பதாயினும் சட்டைப்பையில் இருப்பதாயினும், நிறுவனத்தின் சேவரோடு இடையிடையே தொடர்புகொண்டு "இன்னார் இப்போது இவ்விடத்தில்" எனத் தெரிவித்த வண்ணமிருக்கும். சேவர் அப்பட்டியலைப் பார்த்து அழைப்பை அனுப்பும். இதற்குரிய நெறிமுறை 'சிப்' எனப்படும். 1999இல் முதற்கண் வெளியிடப்பட்டு 2002இல் திருத்தியமைக்கப்பட்டது. இலக்கம் இடத்தின் பெயராய் இருந்த நிலை நீங்கி, ஆளின் பெயராகவோ தொழிலின் பெயராகவோ ஆகும் நிலை இவ்வாறு தோன்றிற்று. ஏனைய வசதிகள் யாவும் இதிலிருந்தே கிளைப்பன.

அதே 1999இலே நிகழ்ந்த இன்னொன்றும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அமெரிக்காவில் கணினி உதவித்தொழில் தொடங்கிய மார்க் ஸ்பென்சர் என்னும் இளைஞர், அலுவலகத்துக்கான தொலைபேசி இணைப்புப் பொறியை விலைகொடுத்து வாங்க வசதியின்றி, சாதாரணக் கணினியிலே அவ்வேலையைச் செய்யும் மென்பொருளைத் தாமே எழுதினார். அஸ்ரெரிஸ்க் எனும் அம்மென்பொருளை யாவரும் இலவசமாகப் பெறலாம். இன்று மட்டக்குளியிலுள்ள ஒரு சிறு நிலையம், பெரிய வங்கியொன்று வைத்திருப்பதை ஒத்த அழைப்பு ஒழுங்கை ஒரு பழைய கணினியில் நிறுவிக்கொள்ளலாகும். அதனைப் பராமரிக்கும் ஆள் வேண்டும் என்பதை மறத்தலாகாது. ஆளில்லாதோர் அதே சேவையை மாதவாடகைக்குப் பெறலாம்.

அவ்வொழுங்கினால் வரும் பயன்களுள் இந்நாட்டுக்குச் சிறப்பாக உரியது மொழி பற்றியது. வடகொழும்பிலே ஒரு கடைக்கு வரும் அழைப்புச் சிங்களத்திலும் வரும், தமிழிலும் வரும், ஆங்கிலத்திலும் வரும். எடுப்பவர் ஒருவரே ஆயின் மூன்றிலொரு பங்கினரேனும் தட்டுத்தடுமாறிப் பேச வேண்டியவராவர். முதலில் மொழியைத் தெரிவுசெய்யச் சொல்லி அழைப்பை அம்மொழி வல்லவரிடம் அனுப்பும் முறை வங்கிகளிலும் தொலைபேசி நிறுவனங்களிலும் வழக்கிலிருப்பது. சிறு வணிகர் அதனைக் கைக்கொள்ளத் தடையேதுமில்லை. மலையகத்திலிருந்து மருந்துக்கு விலை கேட்கும் தாயொருத்திக்குத் தன் மொழியில் மறுமொழி கிடைப்பதனால் அக்கடைக்கு உண்டாகும் நன்மை சிறிதன்று. ஆயினும் "ஒன்றை அழுத்துக, இரண்டை அழுத்துக" என நீண்டு செல்லும் பட்டியல் வாடிக்கையாளரை விரட்டும் கருவியாகவும் மாறலாம். மொழிக்கு ஒரு தெரிவு, அதன்பின் மனிதக் குரல். இதற்கு மேற்படின் வேண்டாச் சுமையே.

இவற்றின் தேவையை வடகொழும்பு வணிகருக்கு நேரிற் காட்டியது 2020ஆம் ஆண்டு. மார்ச் 20ஆந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. பின்னர் இரண்டாவது தொற்றலையின்போது, ஒக்டோபர் மாதத்தில் மட்டக்குளி உள்ளிட்ட வடகொழும்புப் பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தப்பட்டன. நகரின் ஏனைய பகுதிகளில் மக்கள் ஓரளவு நடமாடியபோதும் இங்குள்ளோர் வாரக்கணக்கில் வீட்டினுள் அடைபட்டனர். துறைமுகமோ மூடப்படவில்லை, கப்பல்கள் வந்தவண்ணமிருந்தன. பூட்டிய அலுவலகத்தினுள் மேசைமேலிருந்த தொலைபேசி ஒலித்துக்கொண்டேயிருக்க, அதனை எடுக்கவேண்டியவர் இரு தெரு தள்ளித் தம் வீட்டிற் கையைப் பிசைந்துகொண்டிருக்க நேர்ந்த நிலை அது. இலக்கம் கம்பியோடு கட்டுண்டிருப்பதன் கேடு என்னவென்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

அந்நெருக்கடியிலே பலர் கைக்கொண்ட வழி வாட்ஸ்அப். அது உடனே கிடைத்தது, செலவில்லாதது, வாடிக்கையாளர் கையிலும் இருந்தது. ஆகவே குறைகூறுதற்கில்லை. ஆயினும் அதன் விளைவு ஒன்று பின்னரே வெளிப்படும். விற்பனையாளர் தம் சொந்தக் கைத்தொலைபேசி இலக்கத்தினாலேயே வாடிக்கையாளரோடு பேசுகின்றார். விலை, கடன், வாக்குறுதி, பொருளின் படம் யாவும் அவர் கருவியிலேயே கிடக்கின்றன. ஈராண்டு கழித்து அவர் வேறிடத்துக்கு வேலைக்குச் சென்றாலோ வெளிநாடு போனாலோ வாடிக்கையாளர் கூட்டமும் அக்கருவியோடு போய்விடும். அவர் மீது பழியில்லை, இலக்கம் அவருடையது. முதலாளிதான் தம் கடையின் வாயிலைப் பிறர் வீட்டிலே வைத்தவர். மறுபக்கத்தில், இரவு 11 மணிக்கும் தம் சொந்த இலக்கத்துக்கு வரும் அழைப்பினின்று தப்பமுடியாத அவ்வூழியரின் இன்னலும் எண்ணத்தக்கதே.

ஒருங்கிணைந்த முறையிலே வாடிக்கையாளர் காண்பது நிறுவனத்தின் இலக்கம் ஒன்றே. ஊழியர் தம் கைத்தொலைபேசியிலிருந்து பேசினும் மறுமுனையில் தோன்றுவது அதுவே. அவர் விலகினால் அவர் பெயரிலுள்ள உள்ளிணைப்பு அடுத்தவருக்கு மாற்றப்படும். பழைய உரையாடற் குறிப்புகள் நிறுவனத்திடமே நிற்கும். பணிநேரம் முடிந்தபின் அழைப்பு அவரிடம் செல்லாது. இத்தனைக்கும் பெருஞ்செலவு வேண்டுமென எண்ணி அஞ்சுவோர் அறியத்தக்க சிறு வழியொன்றுண்டு. வாட்ஸ்அப்பின் வணிகப் பதிப்பு 2018இல் வெளிவந்தது. அதனை அலுவலகத்தின் நிலையான தொலைபேசி இலக்கத்திலேயே பதிவு செய்யலாம். உறுதிப்படுத்தும் குறியீட்டெண்ணைக் குரலழைப்பாகப் பெறுதல் கூடும். அவ்வழைப்பை அலுவலகத்தின் தன்னியக்கக் குரல் எடுத்துவிட்டால் குறியீட்டெண் வீணாகும் ஆதலின், அந்நேரம் மட்டும் அழைப்பை நேரே ஓர் ஆளுக்குத் திருப்பிவைத்தல் நன்று.

எனினும், பிறருடைய செயலி ஒன்றன்மேலேயே முழு வணிகத்தையும் சார்த்துவது தகாது என்பதற்கு இலங்கை வரலாறே சான்று. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்து வன்செயல்களின்போது முகநூலும் வாட்ஸ்அப்பும் வைபரும் ஏறக்குறைய ஒரு வாரம் தடுக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21ஆந் தேதி, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உட்படப் பல இடங்களிற் குண்டுகள் வெடித்த உயிர்த்த ஞாயிறன்று மீண்டும் தடை வந்தது. அம்மாத இறுதியிலேயே நீங்கிற்று. மட்டக்குளியிலும் கொட்டாஞ்சேனையிலும் உற்றாரைத் தேடிய மக்களுக்கு, பழகிய வழி அடைபட்டிருந்த நாள்கள் அவை. 2022 ஏப்ரல் 3ஆந் தேதி நள்ளிரவிலிருந்து பிற்பகல் வரை மறுபடியும் தடை. அரசின் ஆணையின்றியும் இத்தகையது நிகழும்: 2021 ஒக்டோபர் 4ஆந் தேதி அந்நிறுவனத்தின் உள்வழுவினால் உலகமெங்கும் வாட்ஸ்அப் ஏறக்குறைய 6 மணித்தியாலம் செயலிழந்தது. 2003இல் தோன்றி இணையவழிப் பேச்சுக்கே மறுபெயராய் விளங்கிய ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. அப்பெயரை அட்டையில் அச்சிட்டிருந்தோர் புதிதாய் அச்சிட வேண்டியவராயினர். தடைசெய்யப்பட்டவை பெயர்குறித்த செயலிகளே. மின்னஞ்சலும் சாதாரண அழைப்பும் தொடர்ந்தன. ஆகையால் வாடிக்கையாளரை அடைய இரண்டாவதொரு வழி, அதுவும் தன் இலக்கத்தோடு கூடிய வழி, வணிகனுக்கு வேண்டும்.

இரண்டாவது வினாவாகிய மின்சாரத்துக்கு வருவோம். செப்புக் கம்பித் தொலைபேசியின் பெருமை பலராலும் உணரப்படாது போயிற்று. அக்கம்பி குரலை மட்டுமன்றிக் கருவிக்கு வேண்டிய மின்னையும் இணைப்பகத்திலிருந்தே கொணர்ந்தது. இணைப்பகத்திற் பெரிய பற்றரிகளும் மின்பிறப்பாக்கியும் இருந்தமையால், ஊர் முழுதும் இருண்டாலும் சாதாரணத் தொலைபேசி ஒலித்தது. ஒளியிழையோ கண்ணாடி, ஒளியைக் கொணருமேயன்றி மின்னைக் கொணராது. வீட்டிலும் அலுவலகத்திலும் சுவரில் மாட்டப்பட்ட சிறு பெட்டியும் ரவுட்டரும் அவ்விடத்து மின்சாரத்திலேயே இயங்குவன. மின் போனால் தொலைபேசியும் போகும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, ஒளியிழைக்கு மாறியிருந்த அலுவலகங்கள் இதனை அனுபவித்தறிந்தன. கைத்தொலைபேசிக் கோபுரங்களுக்கும் பற்றரி உண்டு. ஆயினும் நீண்ட மின்வெட்டில் அவையும் சோர்ந்துவிடும். 2025 பெப்ரவரி 9ஆந் தேதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்திலே குரங்கொன்று புகுந்ததே காரணமென அமைச்சர் அறிவித்தார். இலங்கையிலே குரங்கின் ஆற்றல் இராமாயண காலத்திலிருந்தே ஐயத்துக்கிடமானதன்று.

இதற்குரிய பரிகாரம் எளிது, விலையும் பெரிதன்று. ஒளியிழைப் பெட்டியும் ரவுட்டரும் உண்ணும் மின் மிகச் சொற்பம். பன்னிரண்டு வோல்ற்றில் இயங்கும் சிறு பற்றரிப் பெட்டியொன்று அவற்றைச் சில மணித்தியாலம் காக்கும். கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் பெரிய பற்றரி வாங்கிவிட்டு ரவுட்டரை மறந்துவிடும் அலுவலகங்களே மிகுதி. சேவரை வெளியிடத்தில் வாடகைக்கு வைத்திருப்போருக்கு இன்னொரு வசதியுண்டு: மட்டக்குளியில் மின் இல்லாதபோதும் சேவருக்கு அழைப்பு வந்துசேரும், அது வெள்ளவத்தையிலிருக்கும் பங்காளியின் கைத்தொலைபேசிக்கு அதனை அனுப்பும். கட்டடத்தினுள்ளேயே சேவரை வைத்திருப்போர் இவ்வசதியை இழப்பர். அவர்கள் இணையம் அறுந்தால் அழைப்பு எங்குச் செல்லவேண்டும் என்பதைத் தொலைபேசி நிறுவனத்திடம் முன்கூட்டியே பதிந்துவைத்தல் வேண்டும்.

கள்ளர் பற்றியும் ஒரு சொல். தொலைபேசி கணினியாகிவிட்டபின் கணினிக்குள்ள நோய்கள் யாவும் அதற்கும் உண்டு. எளிய கடவுச்சொல்லோடு இணையத்தில் நிற்கும் சேவரை உலகின் எங்கோ ஒருவன் கண்டுபிடித்து, வார இறுதி இரவிலே அதன் வழியாகக் கட்டணம் மிகுந்த வெளிநாட்டு இலக்கங்களுக்கு இடைவிடாது அழைப்பெடுப்பான். திங்கட்கிழமை காலையில் கடையைத் திறப்பவர் அறியார். மாத முடிவிற் கட்டணச்சீட்டு அறிவிக்கும். வெளிநாட்டு அழைப்பு வேண்டாத உள்ளிணைப்புகளில் அதனைப் பூட்டிவைத்தலும், நாளொன்றுக்கு உச்சவரம்பு விதித்தலும் போதிய காப்பாகும்.

சட்டமும் கருதப்படல் வேண்டும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமும் அதன் 1996ஆம் ஆண்டுத் திருத்தமும் தொலைத்தொடர்புச் சேவை நடத்துவதை உரிமத்துக்குட்படுத்தின. தொலைபேசி இலக்கங்களைப் பங்கிடுவது ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. எனவே தன் நிறுவனத்துக்காக இணையவழித் தொலைபேசி வைத்திருப்பது வேறு. வெளிநாட்டு அழைப்புகளைத் திருட்டுவழியாகக் கொணர்ந்து உள்ளூர் அழைப்பாக்கி விற்பது வேறு. பின்னையது குற்றம். அழைப்புகளை ஒலிப்பதிவு செய்வோர் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். வாடிக்கையாளருக்கு முன்னறிவித்தலே பண்பும் ஆகும்.

செப்புக் கம்பிக்கு விடைகொடுக்கும் நாடுகளுள் பிரித்தானியாவின் அனுபவம் படிப்பினை மிக்கது. பழைய தொலைபேசி வலையை 2025 டிசம்பரில் மூடிவிட அந்நாட்டுத் தொலைபேசி நிறுவனம் எண்ணியிருந்தது; பின்னர் அது 2027 ஜனவரி இறுதிக்கு ஒத்திவைக்கப்பட்டது. காரணம் வணிகரல்லர். தனித்து வாழும் முதியோர் விழுந்துவிட்டால் உதவி கோருவதற்காகக் கழுத்திலே அணியும் பொத்தான்கள் அச்செப்புக் கம்பியையே நம்பியிருந்தன. மட்டக்குளி அலுவலகத்திலும் இதற்கொத்த கேள்வியுண்டு. முற்றத்திலே ஒருவர்மேற் பாரம் விழுந்து, அந்நேரம் மின்சாரமும் இல்லையெனில், 1990 என்னும் அம்புலன்ஸ் இலக்கத்தை எந்தக் கருவியால் அழைப்பது? இதற்குச் சோதனை ஒன்றேயுள்ளது. ஒரு பிற்பகலில் அலுவலகத்தின் பிரதான மின்னாளியை அணைத்துவிட்டு, வெளியே நின்று கைத்தொலைபேசியால் அலுவலக இலக்கத்துக்கே அழைத்துப் பார்க்கலாம். உள்ளிருந்து யாரேனும் எடுக்கின்றாரா, எடுப்பவர் எம்மொழியில் பேசுகின்றார், அரை மணித்தியாலம் கழித்தும் எடுக்கின்றாரா என்பவற்றைக் குறித்துக்கொண்டபின்னரே, சேவை விற்க வருபவரோடு விலை பேசத் தொடங்கலாம்.